தனக்குத் தானே முதலாளி: அமெரிக்க லோக்கம் மருத்துவர்களின் ஓய்வுக்கால ஏற்பாடு

அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் மயக்கவியல் நிபுணர் நீண்ட விடுப்பில் செல்லும்போதோ, சிற்றூர் மருத்துவமனை ஒன்றுக்கு நிரந்தர மருத்துவர் கிடைக்காதபோதோ, அந்த இடத்தைச் சில நாட்களுக்கோ சில மாதங்களுக்கோ நிரப்ப வருபவரை லோக்கம் மருத்துவர் என்று அழைக்கின்றனர். இவர்களைத் தேடித் தரும் ஏஜென்சித் தொழில், கிராமப்புறங்களின் மருத்துவர் பற்றாக்குறையைத் தீர்க்கும் முயற்சியாக 1970களின் இறுதியில் வேர்விட்டது. யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டியில் 1979இல் தொடங்கப்பட்ட காம்ப்ஹெல்த் நிறுவனம் அதன் முன்னோடிகளுள் ஒன்று. ஏஜென்சி மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ ஊதியம் பேசுவதுடன், பயணச் செலவு, தங்குமிடம், சிகிச்சைத் தவறு தொடர்பான வழக்குகளுக்குரிய காப்பீடு ஆகியவற்றையும் பெரும்பாலும் தானே ஏற்கிறது. இவ்வளவு செய்யும் ஏஜென்சி அந்த மருத்துவரைத் தன் பணியாளராகக் கணக்கில் கொள்வதில்லை. சட்டத்தின் பார்வையில் அவர் சுயதொழில் செய்யும் ஒப்பந்ததாரர். அதனால் அவரது முதுமைக்காக ஏஜென்சியும் எதையும் சேர்த்து வைப்பதில்லை, அவர் பணியாற்றிய மருத்துவமனையும் எதையும் சேர்த்து வைப்பதில்லை.

இதன் பொருளை உணர, அமெரிக்காவில் ஒருவரின் முதுமைக்கால வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். முதலாவது, உழைக்கும் காலத்தில் செலுத்திய வரிக்கு ஈடாக அரசு தரும் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம். இது குறைந்த வருமானம் உள்ளவர்களைத் தாங்கும் நோக்கில் வடிவமைக்கப்பட்டது. சராசரி மாத வருமானத்தின் முதல் அடுக்கில் 90 சதவீதமும், அடுத்த அடுக்கில் 32 சதவீதமும், அதற்கு மேற்பட்ட பகுதியில் 15 சதவீதமும் என்ற கணக்கில் ஓய்வூதியம் கணிக்கப்படுவதால், மருத்துவர்களைப் போன்ற உயர்வருமானத்தாருக்கு அவர்கள் பழகிய வாழ்க்கைச் செலவின் சிறு பகுதியையே அது ஈடுசெய்யும். இரண்டாவது, வேலை தரும் நிறுவனத்தின் வழியாகச் சேரும் சேமிப்பு. இதில் பணியாளரின் சம்பளத்தில் ஒரு பகுதி மாதந்தோறும் பிடிக்கப்படுவதுடன், பல நிறுவனங்கள் தம் பங்காகவும் ஒரு தொகையைச் சேர்க்கின்றன. மூன்றாவது, தனிமனிதர் தாமே தொடங்கும் கணக்குகள். இந்த மூன்றில், அரசின் ஓய்வூதியம் விட்டுவைக்கும் இடைவெளியைப் பணியாளர்களுக்குப் பெருமளவு நிரப்புவது இரண்டாவதுதான். பணியாளருக்கு ஆண்டு முடிவில் டபிள்யூ-2 என்ற படிவத்தில் சம்பளக் கணக்கு தரப்படும். ஒப்பந்ததாரருக்கு 1099 வகைப் படிவத்தில், அவர் பெற்ற மொத்தத் தொகை மட்டும் குறிக்கப்பட்டு வரும். லோக்கம் மருத்துவரின் கையில் கிடைக்கும் 1099 படிவத்தில் வரிப் பிடித்தமும் இராது, ஓய்வூதியப் பிடித்தமும் இராது.

முதலாளி இல்லாதவருக்கு ஓய்வூதியச் சலுகை ஏன் என்ற கேள்வி அமெரிக்க நாடாளுமன்றத்திலும் நீதிமன்றங்களிலும் பல பத்தாண்டுகள் விவாதிக்கப்பட்டது. அந்த விவாதத்தின் மையத்தில் நின்றவர்கள் மருத்துவர்களே என்பது இன்று பலரும் அறியாத செய்தி. நிறுவனப் பணியாளர்களின் ஓய்வூதிய நிதிக்குச் செலுத்தப்படும் பணத்துக்கு வரி இல்லை என்ற சலுகை, தாமே மருத்துவமனை நடத்திய மருத்துவர்களுக்கும் கூட்டாளிகளாகத் தொழில் செய்த மருத்துவர்களுக்கும் மறுக்கப்பட்டிருந்தது. மொன்டானா மாநிலத்தின் மிசூலா நகரில் கூட்டாகத் தொழில் நடத்திய மருத்துவர்கள் சிலர், தங்கள் கூட்டாண்மையைக் கலைத்துவிட்டு, ஒரு நிறுவனத்தின் இயல்புகளைக் கொண்ட சங்கமாகத் தங்களை மாற்றிக்கொண்டு, அதன் பணியாளர்களாகத் தங்களுக்கே ஓய்வூதியத் திட்டம் ஒன்றை வகுத்தனர். வருவாய்த் துறை அதை ஏற்க மறுத்த வழக்கில், 1954இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மருத்துவர்களின் பக்கம் தீர்ப்பளித்தது. கின்ட்னர் வழக்கு என்று வரிச் சட்ட நூல்கள் குறிப்பிடுவது இதைத்தான். பின்னர், புரூக்ளின் பகுதியைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர் யூஜின் கியோ பல ஆண்டுகள் வலியுறுத்தி வந்த மசோதா 1962இல் சட்டமாகி, சுயதொழில் செய்வோரும் ஓய்வூதியத் திட்டம் வைத்துக்கொள்ள வழி திறந்தது. ஆனால் திறந்த கதவு மிகக் குறுகலானது: வருமானத்தில் 10 சதவீதம் அல்லது 2,500 டாலர், இவற்றுள் குறைந்ததை மட்டுமே செலுத்தலாம், அதிலும் பாதிக்கே வரிவிலக்கு. நிறுவனத் திட்டங்களுக்கும் சுயதொழில் திட்டங்களுக்கும் இடையிலான பாகுபாட்டைப் பெருமளவு நீக்கிய சட்டம் 1982இல்தான் வந்தது. 2001இன் வரிச் சட்டம், மேலே சொன்ன நிறுவனவழிச் சேமிப்பின் ஒரு வகையான 401-கே திட்டத்தைத் தனியொருவர் நடத்தும் தொழிலிலும் பயனுள்ளதாக்கியது. இன்றைய லோக்கம் மருத்துவர் ஒரு விண்ணப்பத்தை நிரப்பித் தொடங்கும் கணக்குக்குப் பின்னால் இத்தனை நீண்ட போராட்டம் இருக்கிறது.

பிரிட்டனில் இதே சிக்கல் வேறு விதமாகத் தீர்க்கப்பட்டுள்ளது. அங்கே குடும்ப மருத்துவர் ஒருவர் லோக்கமாகப் பணியாற்றினாலும் தேசிய சுகாதாரச் சேவையின் ஓய்வூதியத் திட்டத்தில் சேரலாம். அவர் பணியாற்றிய மருத்துவ நிலையம் முதலாளியின் பங்கைச் செலுத்தும். அதற்குரிய படிவங்களையும் தொகையையும் வேலை முடிந்த 10 வாரங்களுக்குள் அனுப்பிவிட வேண்டும் என்பதும், ஏஜென்சி வழியாகவோ சொந்த நிறுவனத்தின் பெயரிலோ செய்யும் வேலைக்கு இந்த உரிமை இல்லை என்பதும் அங்குள்ள கட்டுப்பாடுகள். அமெரிக்கச் சட்டம் தேர்ந்த வழி இதற்கு நேர்மாறானது. அங்கே லோக்கம் மருத்துவர் தாமே தமக்கு முதலாளி, தாமே தமக்குப் பணியாளர். வரி விதிக்கும்போதும் அவர் இரண்டு பேர். வரிச்சலுகை பெறும்போதும் அவர் இரண்டு பேர். இந்த இரட்டை நிலையைச் சுமையாக மட்டும் அறிந்து, உரிமையாக அறியாமல் போவதே பெரும்பாலான இழப்புகளுக்குக் காரணம்.

முதலில் சுமை. சமூகப் பாதுகாப்புக்கும், முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேருக்கும் சேர்த்து, ஒரு நிறுவனப் பணியாளரின் சம்பளத்தில் 7.65 சதவீதம் பிடிக்கப்படும். நிறுவனம் தன் பங்காக அதே அளவைச் செலுத்தும். சுயதொழில் செய்பவர் இரண்டு பங்கையும் சேர்த்து 15.3 சதவீதம் செலுத்த வேண்டும். இதுவே சுயதொழில் வரி. 2025ஆம் ஆண்டில் லோக்கம் வேலையின் வழியாக, செலவுகள் போக 2,00,000 டாலர் நிகர வருமானம் ஈட்டிய ஒரு மருத்துவரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அந்தத் தொகையில் 92.35 சதவீதமான 1,84,700 டாலர் மீது இந்த வரி கணக்கிடப்படும். சமூகப் பாதுகாப்புக்குரிய 12.4 சதவீதம், அந்த ஆண்டின் உச்சவரம்பான 1,76,100 டாலர் வரை மட்டுமே விதிக்கப்படுவதால் ஏறத்தாழ 21,836 டாலரும், மெடிகேருக்குரிய 2.9 சதவீதம் முழுத் தொகையின் மீதும் விதிக்கப்படுவதால் 5,356 டாலரும் ஆகும்; ஆக, வருமான வரியைத் தொடுவதற்கு முன்பே 27,000 டாலருக்கு மேல் போய்விடுகிறது. இதில் பாதியை, அதாவது முதலாளி என்ற நிலையில் அவர் செலுத்திய பங்கை, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது.

மாதந்தோறும் வரி பிடிக்க ஆள் இல்லாததால், ஏப்ரல் 15, ஜூன் 15, செப்டம்பர் 15, அடுத்த ஆண்டு ஜனவரி 15 ஆகிய நான்கு தவணைகளில் உத்தேச வரியை அவரே கட்ட வேண்டும். வருமானம் ஏறி இறங்கும் தொழிலில் உத்தேசம் தவறுவது இயல்பு என்பதால் சட்டம் ஒரு பாதுகாப்பும் தருகிறது: முந்தைய ஆண்டின் வருமானம் 1,50,000 டாலரைத் தாண்டியிருந்தால், அந்த ஆண்டு செலுத்திய மொத்த வரியின் 110 சதவீதத்தை உரிய தவணைகளில் கட்டிவிட்டாலே, நடப்பாண்டு வருமானம் எவ்வளவு உயர்ந்தாலும் குறைவாகக் கட்டியதற்கான அபராதம் இல்லை. ஓய்வுக்காலச் சேமிப்பைப் பற்றிய கட்டுரையில் வரித் தவணைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். ஏஜென்சியிடமிருந்து முழுத் தொகையாக வந்து விழும் பணத்தைத் தம் வருமானம் என்று நம்பிச் செலவழித்துவிடும் மருத்துவர், தவணை நாளில் வரி கட்டுவதற்கே சேமிப்பைக் கரைக்க நேர்கிறது. அந்த ஆண்டு ஓய்வுக்கால நிதிக்கு எதுவும் மிஞ்சுவதில்லை. எனவே வரும் ஒவ்வொரு தொகையிலும் வரிக்கு ஒரு பகுதியையும் ஓய்வுக்காலத்துக்கு ஒரு பகுதியையும் அன்றே வேறு வங்கிக் கணக்குகளுக்கு மாற்றிவிடுவதுதான் இத்தொழிலில் முதல் பாடம்.

இனி உரிமை. சுயதொழில் செய்வோருக்குரிய திட்டங்களுள் எளிமையானது செப்-ஐ.ஆர்.ஏ. என்பது. வரி கட்டாத பணத்தைச் செலுத்தி, முதலீட்டில் வளரவிட்டு, எடுக்கும்போது வரி கட்டும் தனிநபர் ஓய்வுக் கணக்கின் ஒரு வகை இது. 1978இன் சட்டத்தால் உருவானது. இதில் முதலாளி மட்டுமே பணம் செலுத்த முடியும். சுயதொழிலில் அந்தப் பங்கு, சுயதொழில் வரியின் பாதியைக் கழித்த நிகர வருமானத்தில் 20 சதவீதம். மேலே சொன்ன மருத்துவருக்கு அந்த நிகரம் 1,86,404 டாலர். அதில் 20 சதவீதமான 37,281 டாலர் வரை அவர் செலுத்தலாம். சோலோ 401-கே எனப்படும் தனிநபர் 401-கே திட்டத்தில், இதே 37,281 டாலரை முதலாளி என்ற முறையில் செலுத்துவதோடு, பணியாளர் என்ற முறையில் 2025இல் மேலும் 23,500 டாலர் செலுத்தலாம். ஆக 60,781 டாலர். அவர் 50 வயதைக் கடந்தவராயின் கூடுதலாக 7,500 டாலரும், 60 முதல் 63 வயதுக்குள் இருப்பவராயின் அதற்குப் பதிலாக 11,250 டாலரும் சேர்க்கலாம். இரு திட்டங்களிலும் 2025க்கான மொத்த உச்சவரம்பு, வயதுக்கான கூடுதல் நீங்கலாக, 70,000 டாலர். அந்த வரம்பைத் தொட செப்-ஐ.ஆர்.ஏ.யில் 3,50,000 டாலர் நிகரம் வேண்டும், சோலோ 401-கேயில் 2,32,500 டாலரே போதும். இந்த வரம்புகள் விலைவாசியை ஒட்டி ஆண்டுதோறும் திருத்தப்படுபவை. ஒரே மருத்துவர், ஒரே வருமானம், ஒரே உழைப்பு. தேர்ந்தெடுத்த படிவம் வேறு என்பதற்காக ஆண்டுக்கு 23,500 டாலர் சேமிப்புரிமை கைநழுவுகிறது. எளிது என்ற ஒரே காரணத்துக்காகக் கணக்காளர்கள் செப்-ஐ.ஆர்.ஏ.யைப் பரிந்துரைக்கும்போது, முழுநேர லோக்கம் மருத்துவர் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்லிக் கேட்பது அவசியம்.

சோலோ 401-கேவின் விலை சற்றுக் கூடுதலான கவனம். தொழிலுக்கென ஒரு வரி அடையாள எண் பெற வேண்டும்; திட்ட ஆவணத்தில் கையெழுத்திட்டு ஏற்க வேண்டும்; பணியாளர் பங்காக எவ்வளவு ஒதுக்குவது என்பதை டிசம்பர் 31க்குள் எழுத்தில் முடிவு செய்துவிடுவது பாதுகாப்பானது; பணத்தை வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் செலுத்தலாம். வாழ்க்கைத் துணையைத் தவிர முழுநேரப் பணியாளர் எவரையும் அமர்த்தியிருக்கக் கூடாது. கணக்கில் உள்ள தொகை ஆண்டு முடிவில் 2,50,000 டாலரைத் தாண்டிய பிறகு, ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 31க்குள் 5500-இ.இசட். என்ற படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 250 டாலர் வீதம், ஒரு படிவத்துக்கு 1,50,000 டாலர் வரை அபராதம் ஏறலாம். நிறுவனத்தில் வேலை செய்பவருக்கு மனிதவளத் துறை செய்து தரும் வேலை இது. இங்கே அந்தத் துறையும் மருத்துவரே. கணக்கு வளர்ந்து சில ஆண்டுகள் கழித்து, எல்லாம் சரியாக நடக்கிறது என்ற நிம்மதியில் இருக்கும்போது திடீரெனத் தொடங்கும் கடமை என்பதால்தான் இந்தப் படிவம் எளிதில் மறக்கப்படுகிறது.

லோக்கம் மருத்துவர்களில் பலர் ஒரு மருத்துவமனையில் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டே விடுமுறை வாரங்களில் லோக்கமாகச் செல்பவர்கள். பணியாளர் என்ற முறையில் செலுத்தும் தொகைக்கான வரம்பு (2025இல் 23,500 டாலர்) ஆளுக்கு ஒன்றுதான். மருத்துவமனையின் திட்டத்தில் அதை நிரப்பிவிட்டால், லோக்கம் வருமானத்தின் மீது முதலாளி பங்கான 20 சதவீதம் மட்டுமே எஞ்சும். ஆனால் 2025இல் 70,000 டாலராக இருந்த மொத்த வரம்பு, தொடர்பில்லாத ஒவ்வொரு முதலாளிக்கும் தனித்தனி. இதில் ஒரு விலக்கு உண்டு. பல்கலைக்கழக மருத்துவமனைகளும் தொண்டு மருத்துவமனைகளும் பெரும்பாலும் 403-பி என்ற திட்டத்தை வழங்குகின்றன; அந்தத் திட்டம் மருத்துவரின் சொந்தத் திட்டமாகவே கருதப்படுவதால், அதிலும் சோலோ 401-கேயிலும் சேரும் தொகைகள் ஒரே வரம்புக்குள் அடங்க வேண்டும். அனுபவமுள்ள கணக்காளர்களே தவறவிடக்கூடிய விதி இது.

செப்-ஐ.ஆர்.ஏ.க்கு எதிரான மற்றொரு காரணம் ராத் கணக்குகளில் இருக்கிறது. செனட்டர் வில்லியம் ராத்தின் பெயரால் 1997இல் உருவான ராத் ஐ.ஆர்.ஏ.யில் வரி கட்டிய பணத்தையே செலுத்த வேண்டும். பிற்காலத்தில் எடுக்கும்போது வரி இல்லை. வருமானம் ஓர் எல்லையைத் தாண்டியவர்கள் இதில் நேரடியாகச் செலுத்த முடியாது என்பதால், சாதாரண ஐ.ஆர்.ஏ.யில் வரிவிலக்குக் கோராமல் செலுத்தி, பின்பு அதை ராத் கணக்குக்கு மாற்றும் முறை மருத்துவர்களிடையே பரவியிருக்கிறது. ‘பேக்டோர் ராத்’ என்று அவர்கள் இதைச் சொல்வது வழக்கம். மாற்றும்போது அவரது எல்லா ஐ.ஆர்.ஏ. கணக்குகளையும், செப்-ஐ.ஆர்.ஏ. உட்பட, ஒன்றாகச் சேர்த்தே வரி கணக்கிடப்படும். செப்-ஐ.ஆர்.ஏ.யில் 93,000 டாலர் வைத்திருப்பவர் புதிதாக 7,000 டாலர் செலுத்தி மாற்றினால், மொத்தம் ஒரு லட்சத்தில் 7 சதவீதமே வரி கட்டிய பணம் என்பதால், மாற்றிய 7,000 டாலரில் 490 டாலருக்கு மட்டுமே வரியில்லை. மீதி 6,510 டாலருக்கு வரி விழும். சோலோ 401-கேயில் இருக்கும் பணம் இந்தக் கணக்கில் சேராது.

ஐம்பதுகளில் இருந்தும் சேமிப்புப் போதாதவர்களுக்கு ‘கேஷ் பேலன்ஸ்’ எனப்படும் இன்னொரு திட்டமும் உண்டு. ஓய்வுபெறும்போது இவ்வளவு தொகை கிடைக்க வேண்டும் என்று முதலில் நிர்ணயித்து, அதற்கு ஆண்டுதோறும் எவ்வளவு செலுத்த வேண்டும் என்பதை ஆக்சுவரி என்ற காப்பீட்டுக் கணித நிபுணர் கணக்கிட்டுச் சொல்வார். வயது கூடக் கூட, எஞ்சிய ஆண்டுகள் குறைவதால், செலுத்தக்கூடிய தொகை 401-கே வரம்பைவிடப் பல மடங்கு உயரலாம். எனினும் இது விருப்பப்பட்ட ஆண்டில் செலுத்தி, வேண்டாத ஆண்டில் நிறுத்தும் திட்டம் அன்று. குறைந்தது சில ஆண்டுகளாவது தொடரும் உறுதியும், நிபுணருக்கு ஆண்டுக் கட்டணமும் வேண்டும். அடுத்த மாதம் எந்த ஊரில் வேலை என்பதே தெரியாத லோக்கம் மருத்துவருக்கு, நிலையான வேலை ஒப்பந்தங்கள் கையில் இல்லாதவரை, இது பொருந்தாது.

பயிற்சியை முடித்த கையோடு லோக்கம் வேலைக்கு வரும் இளம் மருத்துவர்களுக்குக் கல்விக்கடன் ஒரு தனிக் கேள்வி. அரசு அல்லது லாப நோக்கற்ற நிறுவனத்தில் முழுநேரப் பணியாளராக இருந்து 120 மாதத் தவணைகளைச் செலுத்தியவரின் மீதிக் கூட்டாட்சிக் கடனைத் தள்ளுபடி செய்யும் திட்டம் 2007 முதல் நடைமுறையில் உள்ளது. மருத்துவமனைகள் மருத்துவர்களை நேரடியாகப் பணியமர்த்தச் சட்டம் இடம் தராத ஓரிரு மாநிலங்களைத் தவிர, ஒப்பந்ததாரராகச் செய்யும் வேலை இதில் சேராது. லோக்கம் ஊதியம் அதிகம் என்று கணக்கிடுபவர், கைவிட்டுப் போகும் இந்தத் தள்ளுபடியையும் அதே தாளில் எழுதிப் பார்க்க வேண்டும்.

சேமிப்பு தொடர வேண்டுமானால் சம்பாதிக்கும் உடல் தொடர்ந்து நலமாக இருக்க வேண்டும். கை நடுக்கம் வந்துவிட்ட அறுவை மருத்துவருக்கு மருத்துவமனை சம்பளத்துடன் விடுப்பு தரலாம். லோக்கம் மருத்துவருக்கு அடுத்த பணி வராது, அவ்வளவே. எனவே தம் சிறப்புத் துறையில் பணியாற்ற முடியாமல் போனாலே தொகை தரும் இயலாமைக் காப்பீடு, ஓய்வுக்கால ஏற்பாட்டின் முதல் தளம். 65 வயதில் மெடிகேர் கிடைக்கும் வரை மருத்துவக் காப்பீட்டையும் அவரே வாங்க வேண்டும். அதன் பிரீமியத்தைச் சுயதொழில் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள வழி உண்டு. இந்த இடத்தில்தான், வருமானம் பெரிது, நேரம் சிறிது என்று அறிந்த விற்பனையாளர்கள் மருத்துவர்களைச் சூழ்கிறார்கள். முதலீட்டையும் ஆயுள் காப்பீட்டையும் ஒன்றாகக் கட்டி, அதிகக் கமிஷனுடன் விற்கப்படும் பாலிசிகள், வரிச்சலுகையுள்ள கணக்குகள் நிரம்பாத ஒருவருக்கு முதல் தேவையாக ஒருபோதும் இருக்க முடியாது. குறைந்த கட்டணமுள்ள குறியீட்டு நிதிகளில், அதாவது பங்குச் சந்தைக் குறியீட்டில் உள்ள எல்லா நிறுவனங்களிலும் பரவலாக முதலீடு செய்யும் நிதிகளில், ஆண்டுதோறும் தவறாமல் சேர்ப்பது போதும். நோயாளியின் படுக்கையருகே செலவிட வேண்டிய கவனத்தைச் சந்தை ஏற்ற இறக்கங்கள் பறித்துக்கொள்ள விடுவது இரு பக்கமும் நட்டம்.

பல மாநிலங்களில் பணியாற்றுவது வரிக் கணக்கைச் சிக்கலாக்கினாலும் ஓய்வுக்காலத்தில் ஒரு நன்மையாக மாறக்கூடும். வருமானம் எந்த மாநிலத்தில் ஈட்டப்பட்டதோ அந்த மாநிலம் அதற்கு வரி கேட்கும். ஆனால் 1996இல் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சிச் சட்டத்தின்படி, ஒருவரின் ஓய்வூதிய வருமானத்துக்கு அவர் அப்போது வசிக்கும் மாநிலத்தைத் தவிர வேறு எந்த மாநிலமும் வரி விதிக்க முடியாது. கலிஃபோர்னியாவில் பணியாற்றி, அங்கு வரி கட்டாமல் 401-கேயில் ஒதுக்கிய பணத்தை, மாநில வருமான வரியே இல்லாத டெக்சாசிலோ ஃபுளோரிடாவிலோ குடியேறி எடுப்பவருக்கு அந்தப் பணத்துக்கு மாநில வரி எங்குமே விழாது.

தமிழ்நாட்டின் மருத்துவக் கல்லூரிகளில் படித்து அமெரிக்கா சென்றவர்களுக்கு இந்தப் பாதை சற்றுத் தாமதமாகவே திறக்கிறது. எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவர், அதற்கு மனுச் செய்த நிறுவனத்துக்காக மட்டுமே வேலை செய்யலாம்; தனி ஒப்பந்ததாரராக 1099 வருமானம் ஈட்ட அந்த விசா அனுமதிக்காது. ஜே-1 விசாவில் பயிற்சி பெற்றவர்கள் தாயகம் திரும்பும் நிபந்தனையிலிருந்து விலக்குப் பெற, மருத்துவர் குறைவான பகுதிகளில் மூன்று ஆண்டுகள் பணியாற்றுவது வழக்கமான வழி. இவற்றைக் கடந்து நிரந்தர வசிப்புரிமையான கிரீன் கார்டு கிடைத்த பின்பே பெரும்பாலும் ஒப்பந்த லோக்கம் வேலை சாத்தியம் என்பதால், சோலோ 401-கேயைத் தொடங்கும்போது பலருக்கு வயது நாற்பதை நெருங்கியிருக்கும் அல்லது தாண்டியிருக்கும். சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்துக்கு 40 புள்ளிகள், அதாவது ஏறத்தாழ பத்து ஆண்டு உழைப்பு தேவை. இந்தியாவில் பணியாற்றிய காலத்தை இதோடு சேர்த்துக் கணக்கிட உதவும் உடன்படிக்கை இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே இல்லை. எட்டு ஆண்டுகளில் ஊர் திரும்புபவர், இரு பங்காகக் கட்டிய சமூகப் பாதுகாப்பு வரிக்கு ஓய்வூதியம் எதையும் பெறாமலே போகலாம்.

இந்தியாவுக்கே திரும்பி முதுமையைக் கழிக்க நினைப்பவர்களுக்கு நெடுங்காலம் ஒரு தொல்லை இருந்தது. அமெரிக்காவில் பணத்தை எடுக்கும் ஆண்டில்தான் வரி. இந்தியாவிலோ கணக்கில் ஆண்டுதோறும் சேரும் வருவாய்க்கு அந்தந்த ஆண்டே வரி கேட்கப்படலாம் என்பதால், ஒரே வருமானத்துக்கு இரு நாடுகளிலும் வெவ்வேறு ஆண்டுகளில் வரி விழுந்து, ஒன்றை மற்றொன்றில் ஈடுசெய்ய முடியாமல் போயிற்று. 2021ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் சேர்த்த 89ஏ பிரிவு இதற்குத் தீர்வு தந்தது. அமெரிக்கா, பிரிட்டன், கனடா ஆகிய நாடுகளில் உள்ள ஓய்வுக் கணக்குகளின் வருமானத்துக்கு, உரிய படிவத்தைத் தாக்கல் செய்தால், பணத்தை எடுக்கும் ஆண்டிலேயே இந்தியாவிலும் வரி கணக்கிடப்படும். அந்தத் தெரிவை ஒருமுறை செய்தபின் மாற்ற முடியாது. மெடிகேர் இந்தியாவில் பெறும் சிகிச்சைக்குப் பொதுவாகப் பணம் தராது என்பதால், சென்னையிலோ கோவையிலோ குடியேறுபவர் மருத்துவச் செலவைத் தனியாகத் திட்டமிட வேண்டும்.

லோக்கம் வேலைக்கு இன்னொரு முகமும் உண்டு. மருத்துவர் பலர் அதை முதன்முதலாகத் தொடுவதே பணி ஓய்வின் விளிம்பில்தான். முப்பது ஆண்டுகள் நடத்திய மருத்துவமனையை விற்றுவிட்டு, மாதத்தில் ஒரு வாரம் மட்டும் ஏதேனும் ஒரு சிற்றூரில் பணியாற்றுவது, சேமிப்பிலிருந்து பணம் எடுக்கத் தொடங்கும் நாளைப் பல ஆண்டுகள் தள்ளிப்போடுகிறது. சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்தை, 1960இலோ அதன் பின்னரோ பிறந்தவர்களுக்குரிய முழு வயதான 67க்கு முன்பே வாங்கத் தொடங்கினால், 2025இல் 23,400 டாலருக்கு மேல் உழைத்து ஈட்டும் ஒவ்வொரு இரண்டு டாலருக்கும் ஒரு டாலர் பிடித்துவைக்கப்படும். மாறாக, 67க்குப் பின்னும் வாங்காமல் காத்திருந்தால் 70 வயது வரை ஆண்டுக்கு 8 சதவீதம் அது உயர்கிறது. சோலோ 401-கேயில் செலுத்த வயது வரம்பு இல்லை என்பதால், எழுபதைக் கடந்தவரும் லோக்கம் வருமானத்திலிருந்து அதில் சேர்க்கலாம். ஒன்று மட்டும் அவர் கையில் இல்லை: சம்பளத்துக்கு வேலை செய்பவர் பணியில் நீடிக்கும்வரை அந்த நிறுவனத்தின் திட்டத்திலிருந்து கட்டாயமாகப் பணம் எடுப்பதை ஒத்திப்போடலாம், தொழிலின் உரிமையாளருக்கு அந்தச் சலுகை இல்லை. 73 வயதில், இன்னும் ஸ்டெதஸ்கோப்புடன் வார்டைச் சுற்றிவரும் லோக்கம் மருத்துவரும், சட்டம் குறிக்கும் குறைந்தபட்சத் தொகையைத் தம் கணக்கிலிருந்து ஆண்டுதோறும் எடுத்து வரி கட்டியே ஆக வேண்டும்.